மேலே பெய்த மழையும் என் வெப்பமானியும்

பத்து வருடங்களுக்கு மேலாக எனக்கு வேலை ஆற்றோரம்தான். பனி மூடிய சிகரங்களிலிருந்து இறங்கி வரும் ஒரு மலையாறு, அதன் கரையில் ஓர் அளவீட்டு நிலையம். காலை 8 மணி, மதியம் 2 மணி, மாலை 6 மணி என்று நாளுக்கு மூன்று முறை நீரின் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலை, நீர்மட்டம், மேகம், காற்று வீசும் திசை எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். வெப்பமானியைத் தண்ணீரில் விட்டு எடுத்து எண்ணை எழுதுவதில் என்ன பெரிய வேலை இருக்கிறது என்றுதான் சேர்ந்த புதிதில் நினைத்தேன்.

எனக்கு வேலை பழக்கிக் கொடுத்தவர் அங்கே பல வருடம் இருந்த மூத்த பணியாளர். எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் கரையோரக் கற்களுக்கு நடுவே தேங்கிக் கிடந்த தண்ணீரில் வெப்பமானியை வைத்துப் பார்த்து, 13 டிகிரி என்று சொன்னேன். அவர் என்னை முழங்கால் ஆழத்துக்கு, நல்ல ஓட்டம் உள்ள இடத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே 9.4. "தம்பி, நீ முதலில் அளந்தது வெயிலில் காய்ந்த கல்லை" என்றார்.

அன்று அவர் காட்டிய முறையைத்தான் இன்றும் செய்கிறேன். முகத்தை ஓட்டம் வரும் பக்கம் திருப்பி நிற்க வேண்டும். அப்போதுதான் நம் கால் பட்ட தண்ணீர் வெப்பமானியைத் தொடாமல் பின்னால் போகும். நம் நிழல் அதன் மேல் விழ வேண்டும். இரண்டு நிமிடம் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். படிக்கும்போது வெளியே எடுக்கக் கூடாது. எடுத்தால் ஈரக் குமிழில் காற்று பட்டு ஆவியாகி, எண் இறங்கத் தொடங்கிவிடும். தண்ணீருக்குள் இருக்கும்போதே குனிந்து, கண்ணையும் சிவப்புக் கோட்டின் நுனியையும் ஒரே மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் விரல் நுனி வலிக்க ஆரம்பிக்கும். அப்புறம் வலியும் போய்விடும், பென்சில் கையில் இருக்கிறதா என்றே தெரியாது. பேனா கூடாது, நனைந்தால் மை ஓடிவிடும்.

காற்றை அளக்கும் வெப்பமானிக்கு வெள்ளை அடித்த, சாய்வுப் பலகைகள் வைத்த பெட்டி ஒன்று இருக்கிறது. கலங்கரை விளக்கங்கள் கட்டிய தாமஸ் ஸ்டீவன்சன் என்ற பொறியாளர் 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தது. வெயிலும் மழையும் நேராகப் படாமல் காற்று மட்டும் உள்ளே போய் வரும். ஆற்று வெப்பமானிக்கு அப்படி ஒரு வீடு கிடையாது. பிடிக்கிற கை எப்படியோ, எண்ணும் அப்படித்தான்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வரும்போது ஒன்று மெல்லப் புரிந்தது. காற்று, நான் நிற்கும் இடத்தை, நான் நிற்கும் நேரத்தைச் சொல்கிறது. தண்ணீர் அப்படி இல்லை. அது சில மணி நேரத்துக்கு முன், ஆயிரம் மீட்டருக்கு மேலே நடந்ததைத் தூக்கிக்கொண்டு வருகிறது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் காற்று சராசரியாக 6.5 டிகிரி குளிர்ந்துவிடும். கீழே நான் சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்கும்போது மேலே பனி பெய்துகொண்டிருக்கலாம். உச்சி வெயிலில் அங்கே உருகிய பனி எங்கள் நிலையத்துக்கு வந்து சேர மாலையாகிவிடும். அதனால் கோடையில் எங்கள் ஆறு காலையில் மெலிந்தும் இருட்டும் நேரத்தில் பருத்தும் ஓடும். மலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இது தெரியாமல் காலையில் கால் நனையாமல் கல்லுக்குக் கல் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டு, சாயங்காலம் திரும்ப வழியில்லாமல் நிற்பார்கள்.

நான் மறக்க முடியாத நாள் ஒரு கோடை மதியம். மணி 2. தலைக்கு மேல் வானம் துடைத்து வைத்தது போல நீலம். காற்று 24 டிகிரி. முந்தைய வாரம் முழுக்க அந்த நேரத்தில் நீர் 11ஐ ஒட்டியே இருந்தது. அன்று 8.6 காட்டியது. மறுபடி வைத்தேன். 8.3. வெப்பமானிக்குள் சிவப்புக் கோடு நடுவில் அறுந்துபோனால் எண் குறைவாகக் காட்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதுதான் என்று முடிவு செய்து, கோடு அறுந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், பதிவேட்டில் 10.8 என்று எழுதினேன். நீர்மட்டம் காலையைவிட நான்கு சென்டிமீட்டர் ஏறியிருந்தது. பனி உருகி வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்துக்கு அது வரவே வராது என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

அண்ணன் பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்கிப் போய்த் தானே ஒரு முறை அளந்தார். அடுத்த நொடி விசிலை வாயில் வைத்து ஊதினார். ஆற்று நடுவே கூழாங்கல் திட்டில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் குறுக்குவெட்டு, அதாவது ஆற்றின் குறுக்கே அகலமும் ஆழமும், அளந்துகொண்டிருந்தார்கள். கருவிகளை அங்கேயே போட்டுவிட்டு வரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவர்கள் கரையேறிக் கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் பச்சை இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. நிறம் மாறியது. ஈர மண் வாசம் வந்தது. அப்புறம் அந்தச் சத்தம்: ஆற்றின் அடியில் கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் சத்தம். காதைவிடப் பாதத்தில்தான் அது முதலில் தெரிந்தது. கூழாங்கல் திட்டு சிறிது நேரத்தில் காணாமல் போனது.

முகட்டுக்கு அந்தப் பக்கம் ஆலங்கட்டி மழை கொட்டியிருக்கிறது. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க மட்டும் 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து கிட்டத்தட்ட 80 டிகிரிக்குக் கொண்டுபோய்விடும். ஆற்றில் விழுந்த ஆலங்கட்டி ஒவ்வொன்றும் அந்த வெப்பத்தைத் தண்ணீரிடமிருந்துதான் பிடுங்குகிறது. பக்கத்து ஓடை ஒன்று அந்தக் குளிரை எங்களிடம் முதலில் சேர்த்திருக்கிறது, பிரதான வெள்ளம் பின்னால் வந்தது. ஆனால் இதை ஒரு விதியாக நினைத்துவிடக் கூடாது என்றும் அண்ணன் சொன்னார். வெள்ளத்தின் அலை பெரும்பாலும் அதைச் சுமக்கும் தண்ணீரைவிட வேகமாக முன்னேறும். மட்டம் முதலில் ஏறி, குளிரும் கலங்கலும் பின்னால் வருவதே வழக்கம். அன்று குளிர் முதலில் வந்தது அந்த இருவருக்குக் கிடைத்த நல்ல நேரம்.

சாயங்காலம் அவர் பதிவேட்டை என் முன்னால் வைத்தார். 10.8ஐ அழிக்க விடவில்லை. ஒரே கோடாக அடித்து, மேலே 8.3 என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். திட்டவில்லை. "நீ எழுதுகிற எண்ணை யாரோ நம்பி எடுத்துக்கொண்டு போவார்கள்" என்று மட்டும் சொன்னார். யார் என்று அப்போது புரியவில்லை. மீன் ஆய்வு செய்கிறவர்கள் எங்கள் பதிவேட்டை வாங்கிக்கொண்டு போவதைப் பிறகுதான் பார்த்தேன். பழுப்பு டிரவுட் மீன் ஆற்றடிச் சரளைக் கற்களுக்குள் முட்டையிடும். அந்த முட்டைக்கு நாள் கணக்கு கிடையாது, வெப்பக் கணக்குதான். ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே போனால், சுமார் 400 முதல் 450 வரை வரும்போது பொரிக்கும். தண்ணீர் 10 டிகிரியில் இருந்தால் ஆறு வாரம், 5 டிகிரியில் இருந்தால் ஏறத்தாழ மூன்று மாதம். அளக்கிறவன் தினமும் அரை டிகிரி அசட்டையாக இருந்தால், அறுபது நாளில் கணக்கு 30 தள்ளிப்போகும். மீனுக்கு மூச்சும் இந்த எண்ணில்தான் இருக்கிறது. கடல்மட்டக் காற்றழுத்தத்தில் 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 20 டிகிரியில் 9.1தான். மலை உயரத்தில் இரண்டுமே இன்னும் குறையும்.

சரி, மனிதருக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றி எழுத எனக்கு மனம் வராது. ஒரு வசந்தகாலக் காலையில், நீர் 6 டிகிரி இருந்தபோது, என்னோடு வேலை பார்த்த நண்பர் பாசிக் கல்லில் வழுக்கி உள்ளே விழுந்தார். நன்றாக நீந்தத் தெரிந்தவர். தலை மேலே வந்ததும் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. வாய் திறந்திருந்தது, மூச்சு மட்டும் இழுத்து இழுத்து உள்ளே போனது, குரல் வரவே இல்லை. குளிர்ந்த நீர் திடீரென்று உடம்பில் பட்டால் முதலில் வருவது இந்த அதிர்ச்சி மூச்சு. அந்த முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் முகம் நீருக்குள் இருந்தால் அதோடு முடிந்துவிடும். உடம்பு முழுவதும் விறைத்துச் சாவது எல்லோரும் பயப்படும் விஷயம். அதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்கு வெகு முன்பே, பத்து நிமிடத்துக்குள், கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காது. அசையாத நீர்கூட அசையாத காற்றைவிட 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஓடுகிற நீர் இன்னும் மோசம்.

கயிற்றை வீசினேன். அவர் கைமேல்தான் விழுந்தது. விரல்கள் மடங்கவில்லை. முழங்கையில் சுற்றிக்கொள்ளச் சொல்லி நான் கத்தியது அவர் காதில் எப்படியோ விழுந்தது. சுற்றிக்கொண்டார். இழுத்தோம். கரையில் போட்டு ஈரத் துணியைக் கழற்றி, நெஞ்சையும் வயிற்றையும் கம்பளியால் சுற்றி, ஆடாமல் அசையாமல் படுக்க வைத்தோம். கைகாலைத் தேய்க்க ஓடி வந்தவரை அண்ணன் தடுத்தார்; அப்படித் தேய்க்கக் கூடாது. நண்பர் பிழைத்தார். மிதவைச் சட்டை வேண்டும் என்று நாங்கள் மேலதிகாரிகளுக்கு எழுதிய கடிதம் அதற்கு முன்பே எட்டு மாதமாகக் கிடந்தது. சம்பவம் நடந்த அடுத்த வாரம் சட்டைகள் வந்தன. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

குளிர்காலத்தில் வேலை குறைவு. ஆனால் நான் பார்த்த மிக அழகான காட்சி அப்போதுதான் கிடைத்தது. மேகமில்லாத, காற்று கடுமையாகக் குளிர்ந்த இரவு. விடியற்காலையில் வெப்பமானி சரியாகப் பூஜ்யத்தில் நின்றது. எங்கள் கருவியால் படிக்க முடியாத அளவுக்கு, ஒரு டிகிரியில் நூற்றில் சில பங்கு, பூஜ்யத்துக்கும் கீழே தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். ஓட்டம் முழுக்க நுண்ணிய பனித்துகள்கள், டார்ச் வெளிச்சத்தில் மினுமினுவென்று. தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொண்டன: அளவுகோலில், கயிற்றில், என் பூட்ஸில். ஏரி மேலிருந்து உறையும். நான்கு டிகிரியில்தான் தண்ணீர் அதிக அடர்த்தி என்பதால் அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே மிதக்கும். மலையாறு ஓடி ஓடித் தன்னைக் கலக்கிக்கொள்வதால் அங்கே அந்தக் கணக்கு செல்லாது. துகள்கள் அடியில் இருக்கும் கற்களில் போய்ப் படிந்து, ஆற்றடியிலேயே பஞ்சு மாதிரிப் பனி வளர்கிறது. வெயில் ஏறியதும் அது பிடி விட்டு, உள்ளங்கையளவு கற்களையும் சுமந்துகொண்டு மேலே வந்து மிதந்து போனது. கல் மிதப்பதை நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதே குளிர்காலத்தில் கரையோரம் ஓரிடத்தில் மட்டும் ஆவி பறக்கும், பக்கத்துக் கற்களில் பாசி பச்சையாகவே இருக்கும். அங்கே ஊற்று. நிலத்தடி நீர், அந்த இடத்து ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலையை ஒட்டியே வருடம் முழுக்க இருக்கும். அதனால் குளிர்காலத்தில் இதமாகவும் கோடையில் சில்லென்றும் இருக்கிறது. கோடையில் பனி தீர்ந்து ஆறு மெலிந்து சூடேறும் நாட்களில் மீன்கள் இந்த ஊற்றுவாயில்தான் அடைந்து கிடக்கும்.

இப்போது பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாகப் பதியும் கருவி வந்துவிட்டது. அதன் வரைபடத்தில் ஒரு நாள் என்பது ஒரு அலை: விடியலில் பள்ளம், பிற்பகலில் மேடு. மேகமூட்டமான நாளில் மேடு படுத்துவிடும். ஆலங்கட்டி விழுந்த நாளில் மேட்டின் தோளில் கத்தி வைத்தது போல ஒரு வெட்டு. கருவியும் தவறும். ஒரு கோடையில் நீர் இறங்கி அது வெளியே தெரிந்தபோது, ஆறு 27 டிகிரி என்று மூன்று நாள் பதிந்துகொண்டிருந்தது. அது அளந்தது காற்றையும் வெயிலையும்தான். இன்னொரு முறை வெள்ளம் கொண்டுவந்த மணலில் புதைந்து, நாளெல்லாம் அசையாத கோடு போட்டது. ஆகவே கையால் அளப்பதை நாங்கள் விடவில்லை.

அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். விசில் என்னிடம் இருக்கிறது. போன வருடம் சேர்ந்த தங்கை ஒருத்திதான் இப்போது மதிய அளவை எடுக்கிறாள். போன வாரம் இரண்டு முறை குனிந்து படித்துவிட்டு, "அண்ணா, 7.9. காலையில் 8.5 இருந்தது. மேகம் ஒன்றும் தெரியவில்லை" என்றாள். அப்படியே எழுதச் சொன்னேன். அவள் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கும்போதே நீர்மட்ட அளவுகோலைத் திரும்பிப் பார்த்தாள். நான் விசிலை எடுத்துக்கொண்டு திட்டின் பக்கம் இறங்கினேன்.