குவார்ட்டர் அடித்த மறுநாள் காலை வண்டி எடுக்கலாமா?

‘ஒரு பெக்குக்கு ஒரு மணி நேரம் விட்டால் போதும், ஊதினாலும் ஒன்றும் காட்டாது’ என்ற கணக்கு நம் ஊரில் பரவலாகப் புழங்குகிறது. நம்பி வண்டி எடுக்கிறவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இந்தக் கணக்கினால்தான். எந்தப் பெக், யாருடைய உடம்பு, எத்தனை சதவீதச் சரக்கு என்று எதுவுமே அதில் இல்லை. பிரிட்டனில் ஒரு ‘யூனிட்’ என்பது 8 கிராம் ஆல்கஹால். அதற்கு ஒரு மணி நேரம் என்பது அங்கே சொல்லப்படும் தோராயக் கணக்கு. நம் பெக் அதைவிடப் பெரியது.

டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் பாட்டில் லேபிளைப் பாருங்கள். பொதுவாக 42.8 சதவீதம் என்று இருக்கும். 30 மி.லி. ஸ்மால் பெக்கில் ஏறத்தாழ 13 மி.லி. சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, ஒரு மி.லி. 0.79 கிராம்தான். ஆக ஒரு ஸ்மால் 10 கிராம், லார்ஜ் 20 கிராம். இரண்டு பேர் பங்கு போட்டு அடிக்கும் கட்டிங் 90 மி.லி., அதாவது 30 கிராம். முழுக் குவார்ட்டர் 180 மி.லி. என்றால் 61 கிராம். 650 மி.லி. பீர் பாட்டிலில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் 26 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 41 கிராம். ‘பீர்தானே’ என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு ஸ்ட்ராங் பீர், இரண்டு லார்ஜுக்குச் சமம். சோடாவோ தண்ணீரோ எவ்வளவு கலந்தாலும் கிராம் மாறாது.

இந்தக் கிராம் ரத்தத்தில் எவ்வளவாகத் தெரியும் என்பதற்கு ஸ்வீடன் நாட்டு எரிக் விட்மார்க் கொடுத்த சூத்திரம்தான் இன்றைக்கும் பயன்படுகிறது. குடித்த கிராமை உடல் எடையால் வகுத்து, அதை மறுபடி ஆண்களுக்கு 0.68 ஆலும் பெண்களுக்கு 0.55 ஆலும் வகுக்க வேண்டும். வருகிற எண்ணை 100 ஆல் பெருக்கினால், 100 மி.லி. ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்பது தோராயமாகக் கிடைக்கும். பெண்களுக்கு எண் குறைவதற்குக் காரணம் உடம்பில் இருக்கும் தண்ணீரின் அளவு. ஆல்கஹால் தண்ணீரில்தான் பரவுகிறது, கொழுப்பில் பரவுவதில்லை. தொப்பையோடு 90 கிலோ இருக்கிறவர், ‘நான் வெயிட்டான ஆள், எனக்கு ஏறாது’ என்று சொல்வது செல்லாது என்பதற்கும் இதே காரணம்தான்.

65 கிலோ எடையுள்ள ஆணுக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஸ்மால் 23 மி.கி., லார்ஜ் 46, கட்டிங் 69, ஸ்ட்ராங் பீர் 93, குவார்ட்டர் 138. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மி.கி. ஒரே ஒரு லார்ஜை மடமடவென்று அடித்தாலே அந்த வரம்பைத் தாண்டிவிடும். வெளிநாட்டுச் செயலிகளையும் அங்கே இருக்கும் உறவினர்கள் சொல்லும் கணக்கையும் இங்கே கொண்டுவரக் கூடாது. இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் வரம்பு 80 மி.கி. அங்கே ‘பச்சை’ காட்டும் அளவு இங்கே வழக்கு.

இனி இறங்குகிற கணக்கு. சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு 15 மி.கி. குறையும். ஆளுக்கு ஆள் இது 10 முதல் 20 வரை மாறும். மேற்படி 65 கிலோ ஆளுக்கு ஒரு ஸ்மால் முழுதாகக் கழிய ஒன்றரை மணி நேரம், லார்ஜுக்கு மூன்று மணி நேரம். கட்டிங்குக்கு நாலரை மணி, ஸ்ட்ராங் பீருக்கு ஆறு மணி, குவார்ட்டருக்கு ஒன்பது மணிக்கும் மேல். இதெல்லாம் சராசரி. உங்கள் கல்லீரல் மணிக்கு 10 மி.கி. ரகமா 20 ரகமா என்பது வெளியே தெரியாது. அதனால் திட்டம் போடும்போது 10 என்றே வைத்துக்கொள்வதுதான் புத்தி. அப்படிப் போட்டால் கட்டிங் ஏழு மணி நேரம், ஸ்ட்ராங் பீர் ஒன்பதே கால், குவார்ட்டர் பதினாலு மணி நேரம்.

டாஸ்மாக் கடை இரவு 10 மணிக்கு மூடும். கடைசி நேரத்தில் வாங்கிய குவார்ட்டரை 11 மணிக்கு முடிக்கிறவருக்குச் சராசரிக் கணக்கிலேயே காலை 8 மணி தாண்டித்தான் ரத்தம் சுத்தமாகும். மெதுவான உடம்பு என்றால் மதியம் 1 மணி. ஆறு மணிக்கு எழுந்து குளித்து, விபூதி பூசிக்கொண்டு பிள்ளையைப் பள்ளியில் விடக் கிளம்பும்போது அவர் ரத்தத்தில் 30க்கு மேல் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஆஃப் பாட்டில், அதாவது 375 மி.லி. அடித்தவருக்குச் சராசரியே 19 மணி நேரம். அவர் மறுநாள் மாலை வரை வண்டியைத் தொடக் கூடாது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் குவார்ட்டர் 200 மி.கி. வரை ஏற்றும், இறங்கச் சராசரியாகப் பதின்மூன்றரை மணி நேரம்.

மணிக்கு இவ்வளவுதான் என்று ஏன் நிற்கிறது? கல்லீரலில் ஆல்கஹாலை உடைக்கும் நொதி, கொஞ்சம் ஆல்கஹால் வந்ததுமே முழு வேகத்துக்குப் போய்விடுகிறது. அதன்பிறகு எவ்வளவு கூட்டம் வந்தாலும் ஒரே கவுண்டர் திறந்திருக்கும் டோல்கேட் மாதிரி ஒரே வேகத்தில்தான் அனுப்பும். மூச்சு, வியர்வை, சிறுநீர் வழியாக வெளியேறுவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் மோர், எலுமிச்சைச் சாறு, இளநீர், பச்சைத் தண்ணீர்க் குளியல், வியர்க்க விறுவிறுக்க நடப்பது எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. தண்ணீர் குடித்தால் தலைவலி குறையலாம், ரத்தத்தில் இருப்பது குறையாது. ஸ்ட்ராங் காபி தூக்கத்தை விரட்டும். போதையோடு முழித்திருக்கிற ஆள் கிடைப்பார், அவ்வளவுதான். வாந்தி எடுத்தால் இன்னும் இரைப்பையில் நிற்பது மட்டும் வெளியே வரும். தூங்கி எழுந்தால் நேரம் போயிருக்கும், மற்றபடி தூக்கத்துக்குத் தனிச் சக்தி எதுவும் கிடையாது.

சாப்பாட்டின் கதை வேறு. குடிப்பதற்கு முன்போ கூடவோ சாப்பிட்டால் இரைப்பை மெதுவாகக் காலியாகும். ஆல்கஹால் பெரும்பகுதி உறிஞ்சப்படுவது சிறுகுடலில் என்பதால் ஏறுவது தாமதமாகும், உச்சமும் கொஞ்சம் குறையும். குடித்து முடித்த பிறகு தின்னும் பிரியாணி ஏற்கெனவே ரத்தத்தில் கலந்ததை இறக்காது. இந்தத் தாமதம் இன்னொரு வகையில் காலை வாரும். கடைசி மடக்குக்குப் பிறகும் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை அளவு ஏறிக்கொண்டே போகலாம். ‘ஸ்டெடியாத்தான் இருக்கேன்’ என்று பாரிலிருந்து கிளம்பும்போது 40 இருந்தவர், பாதி வழியில் 80 ஆகிவிடுவார். ‘போதை ஏறுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்’ என்ற யோசனை அதனால்தான் ஆபத்தானது. ஸ்டெடியாக இருப்பதாகத் தோன்றுவதே நம்பத் தகுந்ததல்ல. முதலில் மங்குவது தன்னைத் தானே மதிப்பிடும் திறன். பழகிய குடிகாரர் தடுமாறாமல் நடப்பார், ஆனால் குறுக்கே வரும் ஆட்டோவுக்கு பிரேக் பிடிக்கும் நேரம் அவருக்கும் நீண்டுதான் இருக்கும். பைக் என்றால் இன்னும் மோசம். சமநிலை, கிளட்ச், கண்ணாடி, ரோட்டுக் குழி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். 20 மி.கி. அளவிலேயே இப்படிப் பல காரியத்தில் கவனத்தைப் பிரித்து வைப்பது குறையத் தொடங்கிவிடுகிறது. ஆக 30 என்பது வழக்குக்கான கோடு மட்டுமே. இந்திய விமானிகளுக்குக் குடித்து 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், கருவியும் பூஜ்யம் காட்ட வேண்டும். இரண்டில் ஒன்று போதாது என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது.

பூஜ்யத்துக்கு வந்த பிறகும் ஹேங்கோவர் இருந்தால் வண்டி வேண்டாம். குடித்த இரவில் ஆழ்ந்த தூக்கம் கெடுகிறது, காலையில் கண் சொக்கும். ராத்திரியே சளிக்கு செட்ரிசினோ தூக்க மாத்திரையோ போட்டிருந்தால் மேலே சொன்ன மணிக்கணக்கு எதுவும் பொருந்தாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவர்களுக்குக் குடித்த மறுநாள் காலை வரைக்கும்கூட சர்க்கரை திடீரென்று இறங்கும் அபாயம் உண்டு.

ஊதும் கருவியைப் பற்றி. அது வாய் நாற்றத்தை அளப்பதில்லை; நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றில் உள்ள ஆல்கஹாலை அளந்து ரத்தக் கணக்காக மாற்றிக் காட்டுகிறது. ஏலக்காய், பாக்கு, புதினா மிட்டாய் எதையும் அது சட்டை செய்யாது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், இருமல் மருந்து, அப்போதுதான் வந்த புளித்த ஏப்பம் இவற்றால் எண் தவறாகக் கூடலாம். வாயில் தங்கிய ஆல்கஹால் 15 நிமிடத்தில் போய்விடும். குடிக்காமலே எண் காட்டினால் சண்டை போடாமல், வாயைக் கொப்பளித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனையும் கேட்கலாம். ஊத மறுப்பது புத்திசாலித்தனமல்ல, அந்த மறுப்பே வழக்கில் உங்களுக்கு எதிரான ஆதாரமாகலாம். ஆன்லைனில் விற்கும் மலிவான ஊதுகருவிகள் நாளாக ஆகப் பிசகும். அது பூஜ்யம் காட்டுகிறது என்று கிளம்பாதீர்கள்.

முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த தடவை 15,000 ரூபாய், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்ட முயல்வதும் குற்றமே. வண்டி நகர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. தெரிந்தே ஓட்டத் தூண்டியவர்மீது 188ஆம் பிரிவில் அதே தண்டனைக்கு வழக்குப் போட முடியும். பின்சீட்டில் உட்கார்ந்து ‘ஒண்ணும் ஆகாது மாப்ள, எடு’ என்று சொல்கிறவர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மறுநாள் காலை வண்டி எடுத்தே ஆக வேண்டும் என்றால் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். காலை 7 மணிக்குக் கிளம்ப வேண்டும், இரவு 9 மணிக்கு கிளாஸைக் கீழே வைத்தாயிற்று. நடுவே 10 மணி நேரம். மணிக்கு 10 மி.கி. என்றால் 100 மி.கி. கழியும். 65 கிலோ ஆணுக்கு அது 44 கிராம், அதாவது நாலு ஸ்மால், இல்லையென்றால் ஒரே ஒரு ஸ்ட்ராங் பீர். 55 கிலோ பெண்ணுக்கு மூன்று ஸ்மால், ஸ்ட்ராங் பீர் பாட்டில் முழுசாகக் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கையே போட வேண்டாம். பெக்கை அளவுக் கோப்பையில் அளந்து ஊற்றினால்தான் இந்த எண்கள் பொருந்தும். கண்ணளவில் ஊற்றும் ‘ஸ்மால்’ எளிதாக 45 மி.லி.க்குப் போய்விடும், நாலு ஸ்மால் என்று நினைத்தது குவார்ட்டராகியிருக்கும், காலை 7 மணி என்பது காலை 11 மணியாகிவிடும்.