பத்தாவது முடித்த மகளைக் கலிபோர்னியா அரசுப் பள்ளியில் சேர்த்த கதை

சமச்சீர் பாடத்திட்டத்தில் மகள் பத்தாவது முடித்த கையோடு, கணவரின் வேலைக்காகக் கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வந்தோம். சின்னப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பற்றிச் சொல்ல ஆள் நிறைய இருந்தார்கள். நேராகப் பதினோராம் வகுப்பில் சேர்த்தவர்கள் யாரும் அகப்படவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் முகவரி. அரசுப் பள்ளிகளை இங்கே நடத்துவது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்ற அந்தந்தப் பகுதி அமைப்பு. அதன் நிர்வாகக் குழுவை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தக் கவுண்டியில் மட்டும் சுமார் 30 டிஸ்ட்ரிக்டுகள் இருக்கின்றன, சான் ஹோசே நகருக்குள்ளேயே பல. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அந்த வீட்டுக்கு எந்த ஹைஸ்கூல் என்று பார்த்துவிடுங்கள். முகவரிச் சான்றாக ஒப்பந்தமும் கரண்ட் பில்லும் கேட்டார்கள். பில் இன்னும் வராததால் இணைப்புக் கடிதத்தைக் கொடுத்தோம். விசா பற்றிக் கேள்வியே இல்லை. குடியுரிமை நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளைகளுக்குப் பள்ளியை மறுக்கக் கூடாது என்பது 1982-ல் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாடும் இலவசம். பத்திரமாகக் கொண்டுவந்த டி.சி.யை யாரும் கேட்கவில்லை.

அடுத்தது தடுப்பூசி. பத்து வயதில் ஊரில் போடும் டி.டி. ஊசி இங்கே செல்லாது, கக்குவான் தடுப்பும் சேர்ந்த டிடாப் வேண்டும். நம் அரசு அட்டவணையில் இல்லாத சின்னம்மை ஊசியும் இரண்டு டோஸ் கட்டாயம். முதல் டோஸ் போட்டதும் நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். காசநோய்க்குத் தோலில் போடும் சோதனை வேண்டாம், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று கேளுங்கள். பி.சி.ஜி. போட்ட பிள்ளைகளுக்கு நோய் இல்லாவிட்டாலும் தோல் வீங்கிக் காட்டலாம்.

வீட்டில் என்ன மொழி என்று ஒரு படிவத்தில் நான்கு கேள்விகள். "இங்கிலீஷ்னு போட்டுருங்க, இல்லன்னா டெஸ்ட் வைப்பாங்க" என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். நான்கிலும் தமிழ் என்றே எழுதினேன். ஆங்கிலத் தேர்வு வைத்தார்கள், மகள் தேறிவிட்டாள். தேறாவிட்டாலும் மொழி உதவி வகுப்பு தருவார்கள். தேவைப்படும் பிள்ளைக்கு அது கிடைக்காமல் போவதுதான் இழப்பு.

எங்களைத் தூங்கவிடாமல் செய்தது கிரெடிட் கணக்கு, அதாவது முடித்த ஒவ்வொரு பாடத்துக்கும் சேரும் புள்ளிகள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு வருடப் படிப்பும் டிப்ளமோவுக்கு, அதாவது பள்ளி முடித்ததற்கான சான்றிதழுக்கு, சேரும். எங்கள் டிஸ்ட்ரிக்டில் ஒரு வருடப் பாடத்துக்கு 10 கிரெடிட். நம் மதிப்பெண் பட்டியலில் 'கணிதம்' என்று ஒரே வரி. இங்கேயோ அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2 என்று வருடத்துக்கு ஒன்று. அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, எந்தப் பாடம் என்று முடிவு செய்யும் பள்ளி ஆலோசகரான கவுன்சிலர் மகளை ஜியோமெட்ரியில் போட்டார். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் பி.டி.எஃப்.பை எடுத்து, ஆங்கில வழிப் பதிப்பின் பொருளடக்கத்தை அவர் முன் வைத்தோம். இயற்கணிதம், வடிவியல், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், எல்லாம் ஒரே புத்தகத்தில். அவர் விரலை வைத்து ஒவ்வொரு தலைப்பாகப் படித்தார். பிறகு தேர்வு ஒன்று எழுதச் சொன்னார். அல்ஜீப்ரா 2 கிடைத்தது. கேட்காமல் இருந்திருந்தால் படித்ததையே ஒரு வருடம் திரும்பப் படித்திருப்பாள். முதலில் சொல்வதை முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பணிவாகக் கேட்டால் மறுபடி பார்க்கிறார்கள்.

ஒன்பதிலும் பத்திலும் படித்த தமிழை உலக மொழிப் பாடமாக ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம். ஆங்கிலத்திலும் இன்னொரு மொழியிலும் தேர்ச்சி உள்ளவர்களுக்கு டிப்ளமோவில் மாநில முத்திரை ஒன்று தருகிறார்கள், 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. மகள் அதற்குத் தயாராகிறாள். அமெரிக்க வரலாறும் அரசியலமைப்புப் பாடமும் இங்கேயே படித்தாக வேண்டும், அதற்கு மாற்று இல்லை.

ஊரிலிருந்து கிளம்பும் முன் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்களைத் தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரையோடு ஆங்கிலத்தில் வாங்கி, உறையில் போட்டு ஒட்டிக் கொண்டுவாருங்கள். உடற்கல்விக்கு வாரம் எத்தனை வகுப்பு என்றும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். இங்கே உடற்கல்விக்கும் கிரெடிட் உண்டு, பத்தாவது மதிப்பெண் பட்டியலில் அது இருக்காது.