ஒரே எழுத்து, இரண்டு ஊர்கள்: ரோம மாகாணக் காசுகளைப் படித்துப் பார்த்த அனுபவம்

மூன்று மாதமாக என் மேசையில் இருப்பவை இரண்டே காசுகள். ஒன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அடித்தது. மற்றொன்று மார்கியானோபோலிஸ் நகரத்தினுடையது. ரோமப் பேரரசர் டிராஜன் தன் அக்கா மார்கியானாவின் பெயரை வைத்த ஊர் அது. இன்றைய பல்கேரியாவில் தெவ்னியா அருகே இருக்கிறது. இரண்டிலும் ரோமப் பேரரசரின் தலைதான், ஆனால் எழுத்து லத்தீன் இல்லை, கிரேக்கம்.

எனக்குக் கிரேக்கம் தெரியாது. எழுத்துகளை மட்டும் ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பழகினேன். அப்படியும் காசில் தடுமாற்றம்தான். சிக்மா பிறை மாதிரி வளைந்திருக்கும், ஒமேகா ஆங்கில டபிள்யூ மாதிரி இருக்கும், சொல்லுக்குச் சொல் இடைவெளியே கிடையாது. ஓலைச்சுவடி படித்துப் பழகியவர்களுக்கு இந்தக் கஷ்டம் புதிதல்ல.

அலெக்சாந்திரியாக் காசு சீக்கிரமே பிடிபட்டது. தலையைச் சுற்றி 'அ க ம அவ்ர் ப்ரோபோஸ் செப்' என்ற சுருக்கெழுத்து. ஆட்டோக்ராட்டோர் கைசர் மார்கோஸ் அவ்ரேலியோஸ் ப்ரோபோஸ் செபாஸ்டோஸ், அதாவது பேரரசர் ப்ரோபஸ். பின்பக்கம் அலகில் மாலையைக் கவ்விய கழுகு. அதன் அருகில் ஆங்கில எல் போல ஒரு குறி, அடுத்து எப்சிலான். அந்தக் குறிக்கு எகிப்தில் 'ஆண்டு' என்று பொருள். எப்சிலான் 5. நாம் க, உ, ங, ச, ரு என்று எழுத்துகளையே எண்ணாக வைத்திருந்தது போலத்தான் அவர்களும். எகிப்திய ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் பிறக்கும். 276 கோடையில் ஆட்சிக்கு வந்த ப்ரோபஸுக்குச் சில வாரங்களிலேயே 2ஆம் ஆண்டு தொடங்கிவிட்டது. அப்படியானால் 5ஆம் ஆண்டு 279–280. ஒரு காசு எந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் அடிக்கப்பட்டது என்று கையில் வைத்தே சொல்ல முடிந்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த காசில் தப்பு செய்தேன்.

மார்கியானோபோலிஸ் காசு பெரியது, வெண்கலம். மீசை முளைக்காத மூன்றாம் கோர்டியனும் இன்னொருவரும் எதிரெதிரே பார்த்தபடி இருக்கிறார்கள். 13 வயதில், 238இல், அரியணை ஏறிய பையன் அவன். எதிரில் இருப்பது மனைவி டிராங்க்வில்லினா என்று எழுதிவைத்தேன். பின்பக்கத்தில் உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் எப்சிலான் தெரிந்தது. உடனே '5ஆம் ஆண்டு, 241–242' என்றும் குறித்துவிட்டேன்.

இரண்டுமே தவறு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் காசின் விளிம்போடு படுக்கவைத்துப் பார்த்தேன். 'மனைவி'யின் தாடையில் சுருள் சுருளாகத் தாடி! கொண்டை என்று நினைத்தது தலைமேல் கவிழாமல் நிற்கும் ஒரு மரக்கால். தானியம் அளக்கும் அந்த மரக்கால் இருந்தால் அது செராப்பிஸ் தெய்வம். டிராங்க்வில்லினா என்றால் அவள் பெயரும் சுற்றெழுத்தில் இருக்க வேண்டும். இதில் கோர்டியன் பெயர் மட்டும்தான்.

ஆண்டுத் தவறு வெளியானது பின்பக்க எழுத்தால். 'ஹுப் மேனோஃபிலூ மார்கியானோபோலிட்டோன்' என்று படித்தேன். கடைசியில் வரும் 'ஓன்' நம் ஆறாம் வேற்றுமை மாதிரி: மார்கியானோபோலிஸ்காரர்களுடைய காசு. 'ஹுப்' என்றால் இன்னார் ஆளுகையின் கீழ். துல்லியஸ் மேனோஃபிலஸ் 238இல் அக்விலேயா முற்றுகையில் நகரைக் காத்தவர். பிறகு இந்த ஊர் இருந்த கீழ் மோசியா மாகாணத்தின் ஆளுநர், 241 வரை. அப்புறம் 241–242 எப்படிப் பொருந்தும்?

அதே ஊரின் வேறு காசுப் படங்களைப் பார்த்தேன். பேரரசர் மக்ரினஸும் மகன் டியாடுமேனியனும் சேர்ந்திருக்கும் காசிலும் அதே எப்சிலான். மக்ரினஸ் ஆண்டதோ 217 முதல் 218 வரை. அவனுக்கு ஏது 5ஆம் ஆண்டு? இந்த ஊரில் அந்த எழுத்து ஆண்டு இல்லை, மதிப்பு: 5 அஸ்ஸாரியோன், அதாவது அந்தக் காலத்துச் சில்லறை நாணய அலகில் ஐந்து. ஆண்டுக்குறி பக்கத்தில் இல்லாததை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் எனக்கு ரொம்பப் பிடித்தது. அகஸ்டஸ் என்ற பட்டத்தை அலெக்சாந்திரியா 'செபாஸ்டோஸ்' என்று மொழிபெயர்த்திருக்கிறது; மார்கியானோபோலிஸ் 'அவ்க்' என்று லத்தீன் ஒலியையே கிரேக்க எழுத்தில் போட்டிருக்கிறது. லத்தீன் பேசும் படைமுகாம்களைக் கொண்ட டான்யூப் எல்லை மாகாணத்து ஊர் அது என்பதோடு இதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது.

பின்பக்கத் தேவியின் வலக்கையில் தராசு, காலடியில் சக்கரம். சக்கரத்தை வைத்து, வினைக்குப் பலன் தரும் கிரேக்கத் தேவி நெமெசிஸ் என்று முடிவு செய்தேன். இடக்கையில் இருப்பது முழக்கோலாக இருக்கலாம், ஆனால் அந்த இடம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. அதே அச்சில் அடித்து, அந்தக் கை மட்டும் தேயாமல் தப்பிய இன்னொரு காசின் படத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.