தீக்குச்சி எரியும் வரை

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு போகிற வழியில் வரும் ரயில் குகையை வைத்து ஒரு பேய் ஆட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் வகை.

பயம் கதையில் மட்டும் இருந்தால் போதாது, விதியிலேயே இருக்க வேண்டும். 1981-இல் வந்த 'கால் ஆஃப் கதுலு' என்ற இதே வகை ஆட்டம், பாத்திரத்தின் மனநிதானத்துக்கும் புள்ளிக்கணக்கு வைத்தது. பார்க்கக் கூடாததைப் பார்த்தால் அது குறையும். 'டிரெட்' என்ற இன்னொரு ஆட்டம் பகடையையே தூக்கிப் போட்டுவிட்டது. ஆபத்தான காரியம் செய்ய, மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து ஒரு கட்டையை உருவ வேண்டும்; சரிந்தால் உங்கள் பாத்திரம் கதையை விட்டே போய்விடும். அங்கே கை நடுங்குவது நடிப்பல்ல. என்ன அருமையான விதி!

என் ஆட்டத்தில் தீக்குச்சி. குகைக்குள் என்ன செய்கிறீர்கள் என்பதைக் குச்சி எரியும் நேரத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். நெருப்பு விரலை நெருங்கும்போது மனுஷன் பேசுகிற வேகமே வேறு. பாதியில் அணைந்தால் மிச்சத்தைக் கதை நடத்துபவர் முடித்துவைப்பார். எத்தனை குச்சி மிச்சம் என்று தீப்பெட்டியைத் திறந்து எண்ணக் கூடாது, குலுக்கிப் பார்க்கலாம். (பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் கட்டாயம்.)

அப்புறம், யாருக்காவது தாங்கவில்லை என்றால் கையைத் தூக்கினால் போதும். காட்சி அங்கேயே நிற்கும், காரணம் கேட்கக் கூடாது. இதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

தென்காசி, புனலூர் பக்கம் இருப்பவர்கள் ஆடிப் பார்க்க வருகிறீர்களா? மலையாளம் கலந்து பேசினாலும் சரி.