பக்கவாத்தியக்காரர் ஜார்ஜ் மிராஸ்

சபாவில் பாடகருக்கு நேர் எதிரே இடம் கிடைத்தாலும் மிருதங்கம் இருக்கிற பக்கமாய்ப் போய் உட்காருகிற ஆள் நான். ஜாஸ் கேட்க ஆரம்பித்தபோதும் காது தானாக டபுள் பேஸ் பக்கம் போனது. வயலின் குடும்பத்து ஆளுயர வாத்தியம், நின்றுகொண்டு வாசிப்பார்கள், அடிநாதம் அதுதான். அப்படித்தான் பேஸ் கலைஞர் மிராஸ் கிடைத்தார்.

சொந்த ஊரில் அவர் பெயர் யிர்ஜி. செக் நாட்டின் பீசெக்கில் 1944இல் பிறந்தார். முதலில் வயலின், அப்புறம் சாக்ஸபோன், பிராக் கன்சர்வேட்டரி என்கிற இசைக் கல்லூரியில் பேஸ். 1966இல் படிப்பு முடிந்து மியூனிக் கிளப்புகளில் வாசித்தார். சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்த 1968இல் அமெரிக்காவின் பாஸ்டனுக்கு, பெர்க்லி இசைக் கல்லூரியில் படிக்கப் போனார். அங்கிருந்து அவரை நியூயார்க்குக்குக் கூப்பிட்டவர் டிரம்பெட் மேதை டிஸி கில்லெஸ்பி! பிறகு பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனோடு சுமார் 2 வருஷம், தாட் ஜோன்ஸ், மெல் லூயிஸ் ஆர்கெஸ்ட்ராவில் 6 வருஷம், ஸ்டான் கெட்ஸ், ஹாங்க் ஜோன்ஸ் என்று போய்க்கொண்டே இருக்கிறது.

எனக்கு உசத்தி, பியானோ கலைஞர் டாமி பிளானகனோடு அவர் வாசித்ததுதான். சுமார் 10 வருஷம் சேர்ந்திருந்தார்கள். 1978இல் இருவர் மட்டும் ஒரு ஆல்பம் பதிவு செய்தார்கள், டிரம்ஸ் கிடையாது. தாளத்தைப் பிடித்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்பதால் காலப்பிரமாணம் மிராஸ் விரலில்தான் நிற்க வேண்டும், அதே விரல் சுருதியிலிருந்தும் விலகக் கூடாது, டபுள் பேஸில் கிடார் மாதிரி ஸ்வர இடத்தைக் காட்டுகிற ஃபிரெட் கிடையாதே, வயலின் போலக் காதை நம்பித்தான் அவ்வளவு நீளக் கம்பியில் இடம் பிடிக்கணும். அவர் பிடிக்கிறார், ஒவ்வொரு ஸ்வரமும் உருண்டையாக விழுகிறது. வேளச்சேரி பறக்கும் ரயிலில் இதைக் கேட்டுப் பார்த்தேன், ரயில் சத்தம் பேஸை அப்படியே விழுங்கிவிட்டது. ராத்திரி வீட்டில் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கக் கேட்டபோதுதான் பிளானகன் சற்று நிறுத்துகிற இடங்களில் கீழே என்ன நடக்கிறது என்று புரிந்தது.

மிராஸ் 2021 செப்டம்பரில் பிராகில் இறந்தார், 77 முடிந்து ஒரே வாரம். செய்தி படித்த அன்று 2001இல் வந்த ‘மொராவா’வைப் போட்டேன். செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவின் நாட்டுப்பாட்டுகள், பியானோ எமில் விக்லிட்ஸ்கி, பாட்டும் சிம்பலோமும் ஸுஸானா லாப்ச்சிகோவா. சிம்பலோம் சந்தூர் மாதிரி குச்சியால் தட்டி வாசிக்கிற வாத்தியம். அம்மா உள்ளேயிருந்து வந்து, “யாருடா இது, நம்ம கிராமத்துப் பாட்டு மாதிரி இழுக்கறா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

விக்லிட்ஸ்கியும் மிராஸும் மட்டும் வாசித்து 2014இல் வந்த ஆல்பத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது சிடி இருந்தால் சொல்லுங்கள், சென்னைக்குள் எங்கே என்றாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.