கூரையில் அழுத கடைக்காரர்

2016ஆம் ஆண்டு பிப்ரவரி மாத மாலை ஒன்றில், ஓரிகன் மாநிலத்துப் பீவர்ட்டன் நகரில் ஒரு பல்பொருள் அங்காடியின் கல்லாவில் நான் நின்றுகொண்டிருந்தேன். பாலும் ரொட்டியும் வாங்கிய நடுவயதுக்காரர் ஒருவர் பையை எடுத்துக்கொண்டு இரண்டடி நடந்தவர், திரும்பி என் முகத்தைப் பார்த்து, "தேங்க் யூ, கம் அகெய்ன்" என்றார். அதை அவர் தம்முடைய குரலில் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, ஏற்றி, இறக்கி, தலையையும் லேசாக ஆட்டிச் சொன்னார். வரிசையில் அடுத்து நின்ற ஒருவர் சிரித்தார். மற்றொருவர் தரையைப் பார்த்தார்.

எனக்கு அந்தக் குரல் யாருடையது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. 'த சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் வரும் அபு நஹசபீமபெட்டிலான் என்ற இந்தியக் கடைக்காரரின் குரல் அது. அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று நானும் அண்ணனும் திருச்சி உறையூரில் பந்தயம் கட்டிய இரவுகள் உண்டு. அமெரிக்காவுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்த எனக்கு, என் இளமைக்காலத்தை ஒருவர் முதன்முதலாக நினைவூட்டினார் என்றால் அது இப்படித்தான் நிகழ்ந்தது. அவமானமும் ஊர் நினைவும் ஒரே நொடியில் வந்தன, அன்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

கணவரின் வேலையை ஒட்டி எச்-4 விசாவில் 2012இல் வந்தவள் நான். அந்த விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. 2015 மே மாதத்தில்தான், நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமைக்காக, அதாவது கிரீன் கார்டுக்காக, வரிசையில் காத்திருப்பவர்களின் துணைவர்கள் விண்ணப்பித்து வேலைக்குப் போகலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் கல்லா பெரிய கௌரவமாக இருந்தது, ஏனென்றால் நான் மளிகைக் கடைக்காரரின் மகள். சில்லறையை எண்ணாமலே விரலால் அளந்து கொடுப்பதை எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

அப்பாவின் கடை உறையூரில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருந்தது. காலை ஐந்தரைக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு பத்துக்குத்தான் இறக்குவார். அந்த நேரக் கணக்கினால்தான் மாலையில் தொலைக்காட்சி எங்கள் கையில் இருந்தது. 2000களின் தொடக்கத்தில் கேபிளில் ஸ்டார் வேர்ல்டு வரும். அதில் சிம்ப்சன்ஸ் வரும். அணுமின் நிலையத்தில் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்துகொண்டு வேலை நேரத்தில் தூங்கும் குடும்பத் தலைவர் ஹோமரையும், அந்த நிலையத்தின் முதலாளி பர்ன்ஸையும், தொடக்கத்தில் கரும்பலகையில் தண்டனை வாசகம் எழுதிக்கொண்டிருக்கும் ஹோமரின் மகன் பார்ட்டையும் பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பாதி வசனம் எனக்குப் புரியாது, அண்ணன் விளக்குவான். அவனுக்கும் பாதி புரிந்திருக்காது என்பது இங்கு வந்து மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது.

அபுவை நாங்கள் அந்நாளில் இந்தியர் என்று பார்க்கவே இல்லை என்றால் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் நம்புவதில்லை. எங்களைச் சுற்றியிருந்த எல்லோரும் இந்தியர்கள்; அவர்களில் ஒருவரும் அப்படிப் பேசவில்லை. எங்களுக்கு அவர் ஒரு கடைக்காரர், அவ்வளவுதான். நாள் கணக்கில் தூங்காமல் கல்லாவில் நிற்பதும், தேதி கடந்த சரக்கைத் தூக்கி எறிய மனம் வராமல் தவிப்பதும், திருடர்களுக்குப் பழகிப்போவதும் எங்களுக்கு அப்பாவைத்தான் நினைவூட்டின. ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு இடையில் வந்த அப்பா, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "என்னடா கடை இது, தராசையே காணோம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அண்ணனும் நானும் பல ஆண்டுகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அந்த மாலைக்குப் பிறகு வேலையிடத்தில் நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். 'வெல்கம்' என்று சொல்லும்போது உதட்டைக் குவிக்கப் பழகினேன். பெயர் அட்டையில் என் பெயரைச் சுருக்கி எழுதிக்கொண்டேன். ஊரும் எனக்குப் பழகிக்கொண்டிருந்தது. அக்டோபரில் தொடங்கி மே வரை விட்டுவிட்டுத் தூறும் மழைக்குக் குடை பிடிக்காமல் நடக்கவும் கற்றுவிட்டேன். ஆனால் அந்த மழையில் மண்வாசனை எழுவதில்லை. உறையூரில் முதல் தூறல் விழுந்ததும் அப்பா வாசலில் இருக்கும் வெல்லச் சாக்கை உள்ளே இழுப்பார். அந்தச் சாக்கு உராயும் ஓசையோடுதான் எனக்கு இன்றும் மழை தொடங்குகிறது.

அவ்வாண்டு கோடையில் மேக்ஸ் ரயிலில் போர்ட்லண்டுக்குப் போனேன். நகரின் வடமேற்குப் பகுதியில் தெருக்களுக்கு ஆங்கில அகரவரிசையில் பெயர் வைத்திருக்கிறார்கள். நடந்துகொண்டே வந்தவள் ஒரு மூலையில் 'ஃப்ளாண்டர்ஸ்' என்ற பலகையைக் கண்டு நின்றேன். இன்னும் சில தெருக்கள் தள்ளி 'கியர்னி', அடுத்தது 'லவ்ஜாய்', மேலும் போனால் 'குவிம்பி'. ஹோமரின் பக்கத்து வீட்டுக்காரர், பார்ட்டை அடிக்கும் பையன், பாதிரியார், மேயர் என்று நான் பதினைந்து வயதில் தெரிந்துவைத்திருந்தவர்கள் எல்லாரும் தெருவாக நீண்டு கிடந்தார்கள். இந்தத் தொடரை உருவாக்கிய மேட் க்ரோனிங் போர்ட்லண்டுக்காரர். ஓரிகனிலேயே உள்ள ஸ்பிரிங்ஃபீல்டின் பெயரைத்தான் தம் கற்பனை ஊருக்கு வைத்ததாக 2012இல் சொன்னார். சிம்ப்சன் குடும்பம் வாழும் எவர்கிரீன் டெரஸ் அவர் சிறுவயதில் வாழ்ந்த தெருவின் பெயர். ஹோமர், லிசா, மேகி என்பவை அவருடைய அப்பாவும் தங்கைமாரும் தாங்கிய பெயர்கள். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு நான் பார்த்தது இந்த ஊரைத்தான் என்று உணர்ந்தபோது, வந்த நாளிலிருந்து இல்லாத ஓர் உரிமை எனக்குள் ஏற்பட்டது. தெருப் பலகையைத் தொட்டுப் பார்த்தேன். உடனே அண்ணனை அழைத்தேன், இந்தியாவில் அதிகாலை, தூக்கக் கலக்கத்தில் "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிவிட்டான், பாவம்.

அன்றிரவே பழைய பகுதிகளைத் தேடி எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். அங்கேதான் அபுவை முதன்முறையாக முழுமையாகச் சந்தித்தேன்.

1996 மே மாதத்தில் ஒளிபரப்பான பகுதி ஒன்றை இன்றுவரை இருபது முறையாவது பார்த்திருப்பேன். ஊருக்குள் ஒரு கரடி வந்துவிடுகிறது. கரடி ஒழிப்புப் படை வேண்டும் என்று மக்கள் கூச்சலிடுகிறார்கள், படை வருகிறது, அதற்கு வரி வருகிறது, வரி ஏன் என்று மக்கள் மீண்டும் கூச்சலிட, மேயர் தப்பித்துக்கொள்வதற்காக எல்லாப் பழியையும் ஆவணமில்லாத குடியேறிகள் மேல் போட்டு ஒரு வாக்கெடுப்பை அறிவித்துவிடுகிறார். ஆவணம் இல்லாத குடியேறிகளுக்கு அரசுப் பள்ளியும் மருத்துவமும் கூடாது என்று கலிஃபோர்னியா மக்கள் 1994இல் வாக்களித்து நிறைவேற்றிய 187ஆம் முன்மொழிவை மனத்தில் வைத்து எழுதிய கதை அது. சிறுவயதில் கரடிக்காகச் சிரித்தேன். 2016 அமெரிக்க அதிபர் தேர்தல் காலத்தில் அதே கரடியைப் பார்த்தபோது, தெருவில் இறங்கி நடக்கவே தயக்கமாக இருந்தது.

அபுவின் விசா காலாவதியாகிவிட்டிருக்கிறது. அவர் போலி ஆவணம் வாங்கி, கௌபாய்த் தொப்பி போட்டுக்கொண்டு, பேஸ்பால் பற்றிப் பேசிக்கொண்டு, தம் குரலையே மாற்றிக்கொள்கிறார். கடையில் பிள்ளையார் சிலை இருந்த இடத்தில் சினிமாப் பத்திரிகைகளை அடுக்கிவிடுகிறார். சிறிது நேரத்திலேயே அந்த வேடம் தாங்காமல் உடைந்துபோகிறார். அப்பாவின் கல்லாவுக்கு மேலே உச்சிப் பிள்ளையார் படம் ஒன்று, ஊதுபத்திப் புகையில் பழுப்பேறித் தொங்கும். நான் நின்ற கல்லாவில் எந்தப் படமும் இல்லை; உதட்டைக் குவித்து 'வெல்கம்' சொன்ன என் வாய்தான் இருந்தது. அந்தக் காட்சி முடிந்த பிறகு திரையை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பெயர் அட்டையில் என் முழுப் பெயரையும் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கினேன்.

பிறகு அபு குடியுரிமைத் தேர்வு எழுதுகிறார். உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன என்று தேர்வாளர் கேட்க, அபு பொருளாதாரம், அரசியல் என்று ஒவ்வொன்றாக விரிக்கத் தொடங்குகிறார். அடிமைமுறை என்று மட்டும் சொல்லுங்கள் என்று தேர்வாளர் இடைமறிக்கிறார். குடியேறியவர் இந்த நாட்டை இந்நாட்டவரைவிட ஆழமாகப் படித்திருக்கிறார் என்பதை அந்த அரை நிமிடம் சொல்லிவிடுகிறது. எங்கள் தெருவில் இருந்த ஓர் ஆந்திரப் பெரியவர் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தபோது, அரசு வெளியிட்ட 100 கேள்விகளிலிருந்து நான்தான் அவருக்குக் கேட்டுத் தயார்செய்தேன். உள்நாட்டுப் போருக்கு இட்டுச்சென்ற ஒரு சிக்கலைக் கூறுக என்ற கேள்வி அதில் உண்மையாகவே இருந்தது. அவர் கால் மணி நேரம் விடை சொன்னார். எங்களுக்கு அந்தத் தேர்வு இன்னும் எட்டாத தொலைவில் இருக்கிறது. எந்த ஒரு நாட்டினருக்கும் கிரீன் கார்டு ஆண்டு ஒதுக்கீட்டில் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பினால், இந்தியர்களின் வரிசை அவ்வளவு நீளம்.

2017இல், இந்தியப் பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்த நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு அபுவைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். ஹாங்க் அசாரியா என்ற வெள்ளையர் கொடுத்த அந்தக் குரல், பள்ளியில் இந்தியப் பிள்ளைகளை எப்படித் துரத்தியது என்று அதில் பலர் சொன்னார்கள். கல்லாவில் ஒரு மாலை எனக்கு நேர்ந்தது அவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு நாளும் நேர்ந்திருக்கிறது. அவர்கள் கோபத்தில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன். மறு ஆண்டு ஏப்ரலில் தொடர் அதற்கு விடை சொன்னது. நியாயத்தின் பக்கமே எப்போதும் பேசும் சிறுமி லிசாவின் வாயால், ஒரு காலத்தில் எல்லோரும் ரசித்தது இன்று தவறாகிவிட்டது, என்ன செய்ய முடியும் என்று சொல்லவைத்தார்கள். அவள் கட்டிலருகே அபுவின் படம் சட்டமிட்டு இருந்தது. அந்தக் கைவிரிப்பு என்னை வாடிக்கையாளரின் ஏளனத்தைவிட அதிகமாகப் புண்படுத்தியது. 2020இல் அசாரியா அந்தக் குரலைக் கொடுப்பதை விட்டார், அடுத்த ஆண்டு மனமார மன்னிப்பும் கேட்டார். அதை மதிக்கிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனத்தை விட்டு அகலவில்லை. அபுவுக்கு வேறொரு குரலைக் கொடுத்திருக்கலாம். எங்களில் ஒருவர் பேசியிருக்கலாம். மாறாக, அவர் கூட்டத்தின் நடுவே, பின்னணியில், வாய் திறக்காமல் நிற்கும் ஒருவராகிவிட்டார். முனைவர் பட்டம் பெற்றவர், மாடியில் தோட்டம் வைத்தவர், சைவ உணவுக்காரியாக மாறிய லிசாவிடம் பிறர்மேல் சினங்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள் என்று சொன்னவர், இப்போது பேசுவதில்லை. அவருடைய குரல் பொய்யாக இருந்தது. அவருடைய வாழ்க்கை பொய்யாக இருக்கவில்லை. இரண்டையும் சேர்த்து அடக்கிவிட்டது எனக்குப் பெரிய இழப்பு.

சென்ற மழைக்காலத்தில் மகளோடு இவற்றையெல்லாம் மறுபடி பார்த்தேன். அவளுக்கு வயது 11, இங்கே பிறந்தவள். "அவர் ஏன்மா அப்படிப் பேசறார்? நமக்குத் தெரிஞ்ச யாரும் அப்படிப் பேச மாட்டாங்களே" என்று கேட்டாள். இருபது ஆண்டுகளுக்கு முன் உறையூரில் எங்களுக்குத் தோன்றிய அதே கேள்வி. அடுத்த நொடியே, "தாத்தாவும் இப்படித்தான் கடை வச்சிருந்தாரா?" என்றாள். 2021இல் போர்ட்லண்டில் ஐ-405 நெடுஞ்சாலையின் மேலே நடப்பவர்களுக்காகத் திறந்த பாலத்துக்கு நெட் ஃப்ளாண்டர்ஸின் பெயரையே நகரம் சூட்டியிருக்கிறது. அதன் மேல் அவளோடு அடிக்கடி நடக்கிறேன். இது எங்கள் ஊர் என்று அவளிடம் சொல்கிறேன். சொல்லும்போதே காவிரிப் பாலத்தில் அப்பாவின் சைக்கிள் கம்பியில் உட்கார்ந்து போனது நினைவுக்கு வந்துவிடுகிறது.

1994 பிப்ரவரியில் வந்த பகுதியைக் கடைசியாகப் பார்த்தோம். கெட்டுப்போன இறைச்சியை ஹோமருக்கு விற்றதற்காக அபு வேலையை இழக்கிறார். சிம்ப்சன் வீட்டிலேயே தங்கி, சமைத்து, அவர்களுக்கு உதவி செய்கிறார். எனக்கு இனி அந்தக் கடை தேவையில்லை என்று குடும்பத்தோடு ஆடிப் பாடுகிறார், எல்லோரும் மகிழ்கிறார்கள். பாட்டு முடிந்ததும் வீட்டுக் கூரையில் தனியாக நின்று, தேவைதான் என்று அழுகிறார். மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

முழங்கால் வலியால் அப்பா 2010இல் கடையை விட்டுவிட்டு, பெங்களூரில் அண்ணனின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார். கடையை மறந்துவிட்டேன், நிம்மதியாக இருக்கிறேன் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் சொல்வார். சொல்லி முடித்ததும் அங்கே துவரம்பருப்பு என்ன விலை என்று கேட்பார். இந்த முறை அவரிடம் கூரைக் காட்சியைச் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "பெங்களூர் வந்த மறுநாள் காலைல நாலரைக்கே எந்திரிச்சு சட்டையைப் போட்டுக்கிட்டு, கடைச் சாவியைத் தேடிக்கிட்டிருந்தேன்மா. உங்க அண்ணன் முழிச்சுக்கிட்டான், தண்ணி குடிக்க வந்தேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. அவரே கேட்டார்:

"அந்த ஆளுக்குக் கடை திரும்பக் கெடச்சுதா?"

"கெடச்சுதுப்பா" என்றேன். கதையில் கிடைக்கிறது. அவர் இப்போது அங்கே பேசாமல் நிற்கிறார் என்பதை அப்பாவிடம் சொல்லவில்லை.