சிவப்பு மூடியும் செங்கல் நிறமும்

"வலது கண்ணை உருட்டினா வலிக்குதும்மா" என்று எட்டு வயது மகள் சொன்னபோது, டிவி பார்த்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் போர்டில் எழுதுவது தெரியவில்லை என்றாள். முதலில் போன இடத்தில் பவர் பார்த்துக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்டும் பார்வை தெளியவில்லை.

அடுத்துப் பார்த்த கண் டாக்டர் இருட்டறையில் டார்ச்சை இரண்டு கண்ணிலும் மாறி மாறி அடித்தார். இடது கண்மணி சுருங்கியது. வெளிச்சம் வலது கண்ணுக்கு வந்ததும் அது சுருங்காமல் விரிந்தது. அப்புறம் சொட்டு மருந்தின் சிவப்பு மூடியைக் காட்டினார். "இந்தக் கண்ணுல சிவப்பு, அந்தக் கண்ணுல செங்கல் கலர்" என்றாள். எனக்கு அடிவயிறு கலங்கியது.

"பார்வை நரம்பு வீங்கியிருக்கு. ஏன்னு இனிமேதான் தேடணும்" என்றார்.

அன்றே அட்மிஷன். கண்ணுக்கு வந்ததற்கு முதுகுத்தண்டுக்கும் எதற்கு எம்.ஆர்.ஐ. என்று கேட்டேன். அதே அழற்சி மூளையிலோ தண்டுவடத்திலோ சத்தமில்லாமல் இருக்கலாம் என்றார் நரம்பியல் டாக்டர். மூளை சுத்தமாக இருந்தது. நரம்பு மட்டும் நெடுக வீங்கியிருந்தது. வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு கொடுக்கப்போகிறார்கள், காசநோய் இருந்தால் அது அதைக் கிளறிவிடும் என்று நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள்.

நான் பயந்தது முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதற்குத்தான். தலைக்குள் அழுத்தம் கூடினாலும் நரம்பு வீங்குமாம், அதையும் அப்போதே அளந்தார்கள். இறால் மாதிரி சுருண்டு படுத்து என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

மாக், அக்வாபோரின்-4 என்று இரண்டு ஆன்டிபாடிகள், அதாவது உடம்பே தன் நரம்பு மண்டலத்தைத் தாக்க உண்டாக்கும் புரதங்கள், இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தத்தை ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே எடுத்தார்கள். மருந்து ஏறியபின் எடுத்தால் ஆன்டிபாடி குறைந்து, இருந்தும் இல்லை என்று வரக்கூடும். இந்த வரிசை எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிள்ளைக்கு இப்படி வந்தால் இதை மறக்காமல் கேளுங்கள். ரிப்போர்ட்டுக்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்கவில்லை. எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 30 மில்லிகிராம் மெத்தில்பிரட்னிசோலோன், 5 நாள் டிரிப்ஸில். நான்காம் நாள் ஃபேனில் மூன்று இறக்கை என்றாள்.

ரிப்போர்ட்டில் மாக் பாசிட்டிவ், அக்வாபோரின் நெகட்டிவ். அக்வாபோரின் பாசிட்டிவ் என்றால் திரும்பத் திரும்ப வராமல் தடுக்க நீண்ட நாள் மருந்து வேண்டும். பார்வை நரம்பு வீக்கத்துக்கு இன்னொரு காரணமான, மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸுக்கு மருந்தே வேறு. மாக் வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பார்வை நன்றாகத் திரும்பும், பலருக்கு ஒரே தடவையோடு நின்றும் விடும்.

இப்போது ஸ்டீராய்டு மாத்திரையை மெல்லக் குறைத்து வருகிறோம். சட்டென்று நிறுத்தினால் மறுபடி வந்துவிடலாம். 6 மாதம் கழித்து மாக் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். அந்தத் தேதியை ஃபைல் அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.